தாமரைக் காசில் அடித்த மோதிரம்

என் நண்பன் தன் மனைவிக்கென்று அடித்து அனுப்பிய மோதிரத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. அவன் போரில் செத்த பிறகும் கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் அது என் மனைவியின் விரலில் கிடந்தது.

திருடினேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். திருடுகிறவனுக்கு அந்தப் பொருள்மேல் ஆசையாவது இருக்கும். எனக்கு அந்த மோதிரத்தின்மேல் ஆசையே இருந்ததில்லை. அதன் மதிப்பு இருபது பைசா. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேன். அப்படிப் பேசாமல் இருந்த இடங்கள் ஒன்றல்ல, நாலைந்து. ஒவ்வொன்றையும் எழுதுகிறேன்.

நாங்கள் சங்கரன்கோவிலில் ஒரே தெரு. அவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். அதற்குமேல் படிப்பு ஏறவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான், எடுத்துக்கொண்டார்கள். வண்டி பழுதுபார்க்கிற பிரிவில் வேலை. நான் படித்து, இதே ஊரில் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக ஆனேன். அவன் வீட்டில் அம்மா, ஒரு தங்கச்சி. அவனுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா கல்யாணத்தின்போது ஒரு மோதிரம் போட்டிருந்தார். அதற்கடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அவர் ஞாபகமாக அவளுக்கு மிஞ்சியது அந்த மோதிரம்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். அதற்காக அவன் லீவில் வந்திருந்தான். கல்யாணத்தன்று காலை, மருமகளின் பெட்டியைத் திறந்து அந்த மோதிரத்தை எடுத்துத் தன் மகள் விரலில் போட்டுவிட்டாள் மாமியார். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. வீட்டுக்கு வந்தவளின் நகை வீட்டு நகை என்பது அவள் கணக்கு. மருமகள் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு புருஷனிடம் சொன்னாள். அவன் அம்மாவிடம் பேசுவான் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள். அவன், "ஒரு மோதிரத்துக்கா இந்தப் பாடு படுத்துத?" என்று கேட்டுவிட்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் கரிவலத்துக்குப் போய்விட்டாள். லீவு முடிந்து அவன் ரயிலேறியபோது நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். போகிற வழியில் அவளைப் பார்த்துவிட்டு வரலாமே என்று சொன்னேன். "அவ வரட்டும்" என்றான்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒருவன் வந்து நின்றான். சிவகிரிக்காரன். என் நண்பனோடு ஒரே கூடாரத்தில் இருப்பவனாம். மஞ்சள்காமாலை வந்து, ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். கண்ணெல்லாம் இன்னும் மஞ்சளாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து இந்திப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே மோதிரம்.

முதலில் தங்கம் என்றே நினைத்தேன். "தங்கமில்ல அண்ணாச்சி, காசு" என்று சிரித்தான். அந்த நாளில் தாமரைப் பூ போட்ட இருபது பைசா மஞ்சள் நிறத்தில் வந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் ஊரில் பலர் செலவழிக்காமல் சேர்த்துக்கூட வைத்தார்கள். அந்தக் காசைத்தான் அடித்திருந்தான். எல்லையில் எப்போது சண்டை வரும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்துக்கிடந்திருக்கிறார்கள். வண்டி இரும்பு ஒன்றின்மேல் காசை விளிம்பில் நிறுத்தி, சாப்பிடுகிற கரண்டியின் பின்பக்கத்தால் தட்டுவானாம். தட்டத் தட்ட விளிம்பு அகன்று பட்டையாக வரும். ஓங்கி அடித்தால் கோணிவிடும். மெல்லத் திருப்பித் திருப்பித் தட்ட வேண்டும். நான்கு காசு பாழாகி ஐந்தாவதுதான் உருப்பட்டது. கூடாரத்தில் இருந்தவர்கள், மண்டை வலிக்குது, நிறுத்தும் வே என்று ஏசியிருக்கிறார்கள். பிறகு நடுவில் துளையிட்டு, அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தான். தாமரை போய்விட்டது. உள்பக்கம் நாட்டின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து மட்டும் அமுங்கிக் கிடந்தது.

சிவகிரிக்காரன் சொன்ன செய்தியை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். இதை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"தப்பு எம்மேலதான்னு அவகிட்ட சொல்லணும். அன்னைக்கு அம்மாகிட்ட நான் பேசியிருக்கணும், பேசல. இது தங்கமில்ல, அதனால யாரும் இதக் கேட்டு வாங்க மாட்டாவ. அடுத்த லீவுல நானே கரிவலத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். மோதிரத்த அம்மா கையில மட்டும் குடுக்கக் கூடாது."

ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதினால் அவளுடைய அண்ணன்தான் பிரித்துப் படிப்பானாம். மன்னிப்புக் கேட்பதை மச்சான் படிக்க அவனுக்கு மனசில்லை. அதனால்தான் ஆள் மூலம், அதுவும் என் மூலம். "அவன் வாத்தியார், பக்குவமாச் சொல்லுவான்னு சொன்னாரு அண்ணாச்சி" என்றான் சிவகிரிக்காரன்.

அப்போது என் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் பெண், எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துக் கரிவலம் போனேன். அதுவரைக்கும் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன்.

வாசலில் அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வாங்க சார், என்ன விசேஷம் என்றான். நான் கல்யாணமாகாதவன். உங்கள் தங்கச்சிக்கு ஒரு மோதிரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. புருஷன் கொடுத்தனுப்பியது என்று சொன்னால் அதை அவன் வாங்கி வீசியெறிவான் என்றும் பயம். அவனிடம் கொடுக்கவும் மனசில்லை. அந்த நேரத்தில் பையிலிருந்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டிவிட்டேன். அழைக்கத்தான் வந்தேன் என்றேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி என்று கேட்டாள். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். புருஷனைப் பற்றி நான் ஏதாவது சொல்வேனா என்று நிற்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. மோதிரம் என் சட்டைப்பையில் இருந்தது. அவனிடமிருந்து சேதி வந்தது, நல்லா இருக்கானாம் என்று ஆரம்பித்தேன். அண்ணன் குறுக்கே பேசினான்.

"அவனப் பத்தி இங்கன பேச வேண்டாம் சார். கல்யாண வேலையா வந்திருக்கீய, நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு போவோம், பெண்ணோடு பெண்ணாக அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அது நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கல்யாணமான ஐந்தாம் நாள், என் சட்டைகளைச் சலவைக்குப் போடுமுன் என் மனைவி பைகளைத் துழாவினாள். இந்திப் பத்திரிகைத் துண்டு கையில் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். "இது எனக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போதே விரலில் போட்டுவிட்டாள், அளவாகப் பொருந்திவிட்டது. புது வீட்டுக்கு வந்த பெண். ஐந்து நாளில் என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாள். அன்றுதான் முதல்தடவை என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள். கழற்று, அது வேறொருத்தியுடையது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ம் என்றேன். பட்டாளத்துச் சிநேகிதன் காசில் அடித்துக் கொடுத்தது என்றேன்.

இன்னொன்று செய்து நண்பன் மனைவிக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். மறுநாளே ஒரு தாமரைக் காசை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். அவர் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், புதுப்பொண்டாட்டிக்கு இருபது காசுல மோதிரமா? சர்க்கார் அவ்வளவு கம்மியாவா சம்பளம் போடுது?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செய்து பார்த்தார், அவசரமாக அடித்ததில் விளிம்பு வெடித்துவிட்டது. அப்படியே செய்து வந்திருந்தாலும் அது அவன் அடித்த மோதிரம் ஆகியிருக்காது. அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வாரம் ரேடியோவில் சண்டை தொடங்கிய செய்தி வந்தது. மார்கழி பிறப்பதற்கு முன்பே தந்தி வந்துவிட்டது. அவன் வீட்டில் தறிச் சத்தம் நின்றபோது, தெருவில் எல்லாருக்கும் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது.

உடல் வரவில்லை. போட்டோவை வைத்துக் காரியம் செய்தார்கள். கரிவலத்திலிருந்து அவள் அண்ணனோடு வந்து இறங்கினாள். நாங்கள் ஆண்கள் வாசலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் படியில் கால் வைக்கும் முன் மாமியார் எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

"எம் மவன் ஒம் மூஞ்சியப் பாக்காமலே போனாம்லா. ஒன்ன வெறுத்துட்டுத்தான் போனான். இப்ப யாருக்குக் காட்ட வந்த?"

வெறுக்கவில்லை என்று சொல்ல அவளிடம் என்ன இருந்தது? அதைச் சொல்ல முடிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, அம்மா, அப்படியில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்த கேள்வி மோதிரம் எங்கே என்று வரும். பெண்கள் கூட்டத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், மோதிரக் கையை மடியில் வைத்துக்கொண்டு. கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத பெண்ணை அத்தனை பேர் நடுவில் அவமானப்படுத்துவதா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் நல்ல காரணம் மாதிரிதான் இருந்தது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துக்கொண்டு போனான். தாலி கழற்றுவதையெல்லாம் கரிவலத்தில் வைத்தே செய்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, மோதிரம் அடித்துக் கொடுத்தது இவர்தானா என்று கேட்டாள். தலையசைத்தேன். நம் கல்யாணத்துக்கென்றே அடித்தாரா என்று கேட்டாள். அதற்கும் தலையசைத்தேன். பார்த்தேயிராத ஒருவனுக்காக அவள் அழுதாள். இனி இதைக் கழற்ற மாட்டேன் என்றாள். அவன் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம், பாவம், மனசு நோகும் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அதையும் அவள் என் நல்ல குணம் என்றே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, பஸ் நிலையத்தில் சிவகிரிக்காரனைப் பார்த்தேன். அவன் உடம்பு தேறித் திரும்பிப் போவதற்குள் சண்டை முடிந்துவிட்டிருந்தது. புருஷனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு முன்பின் தெரியாத தான் எப்படிப் போவது என்று என்னையே நம்பி இருந்திருக்கிறான்.

"மோதிரத்தக் குடுத்திட்டீங்கள்லா அண்ணாச்சி?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"அழுதா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது போதும் அண்ணாச்சி என்று என் கையைப் பிடித்தான். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. நான் கேட்காத ஒரு அழுகையை அவளுக்காக நானே செய்து கொடுத்தேன்.

அவள் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டே தையல் கற்றுக்கொண்டாள். எண்பதாம் வருஷம் வாக்கில் சங்கரன்கோவிலுக்கே வந்து, ரத வீதிப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு மட்டும் அவள் வரவில்லை. மாமியார் அவளைப் பற்றிய பேச்சை எடுக்கவே விடமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் அரை மைல்கூட இருக்காது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் மனைவி அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனாள். யார் என்று தெரிந்துதான் போனாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பல நாளாக அவளுக்கு எண்ணம். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"நீங்க சொல்லக் கூடாதுன்னது அவங்க அம்மாகிட்டத்தான? இந்தப் பொண்ணுக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். உங்க வீட்டுக்காரங்க எங்க கல்யாணத்துக்கு அடிச்சுக் கொடுத்த மோதிரம், பத்திரமா வச்சிருக்கேன்னு கையக் காட்டினேன். அது பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சொல்லிச்சு, 'எனக்கு ஒண்ணு அடிக்கணும்னு அவருக்குத் தோணல பாருங்கக்கா'ன்னு. நான் போயிருக்கவே கூடாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை என் குற்றம், அவளுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காதது. இப்போது அந்த மோதிரமே போய் அவளை அடித்திருக்கிறது. கொடுத்தவனே அவளை மறந்தான் என்று சாட்சி சொல்லியிருக்கிறது. இதற்குமேல் பேசாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் நல்லவனாகி உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காரணங்கள் தீர்ந்துபோயின.

என் மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக. முடித்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெயை விரலில் ஊற்றினாள். மோதிரம் வரவில்லை. பதினோரு வருஷத்தில் விரல் தடித்திருந்தது. சோப்புப் போட்டாள். ஆசாரியிடம் போனால் வெட்டி எடுத்துவிடுவார் என்று நான் சொன்னேன்.

"வெட்டவா? அதையும் செஞ்சிரலாம்னு பாக்கீங்களா?"

தோல் உரிந்து ரத்தம் கசிந்தபின் கழன்றது. கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"அடுத்தவ மோதிரத்தப் போட்டுக்கிட்டு பதினோரு வருஷம் கோயிலுக்கு வந்திருக்கேன். நற்கருணை வாங்க நீட்டினதும் இந்தக் கைதான். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

நாளைக்கு நீயும் கூட வருவாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாங்க அண்ணாச்சி, அக்கா ரவிக்கை வெள்ளிக்கிழமைதான் ஆகும் என்றாள். மோதிரத்தை மிஷின் பலகைமேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். கரிவலத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்ததையும், பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும், அவள் அழுததாகச் சிவகிரிக்காரனிடம் சொன்னதையும் விடவில்லை. அவள் மோதிரத்தைத் தொடவில்லை. முடித்ததும், அவர் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள்.

"மொத மோதிரம் நாத்தனா கையில. ரெண்டாவது அக்கா கையில. எனக்குன்னு வாரது எதுவும் நேரா எங்கிட்ட வராது போல."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"அது போட்டும் சார். நான் அவர ஏசியிருக்கேன். தெனமும் மனசுக்குள்ள ஏசியிருக்கேன், செத்த மனுஷன. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேன்னு. அவரு சொல்லித்தான் விட்டிருக்காரு. நீங்கதான் வச்சிருந்தீங்க."

மன்னித்துவிடும்மா என்றேன். அவள் அளவு எழுதி வைக்கிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் போட்டாள்.

"எழுதிக் குடுங்க. வாய்ச்சொல்ல உங்ககிட்டக் குடுத்தா என்னாவும்னு பாத்தாச்சு."

எழுதினேன். என் படிப்பு அங்கேயும் என்னை விடவில்லை. செய்தியை எழுதிவிட்டு, கடைசியில் மிகுந்த மனவருத்தத்துடன் அவன் இதைச் சொல்லி அனுப்பினான் என்று ஒரு வரி சேர்த்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள். இப்படியெல்லாம் அவருக்குப் பேசத் தெரியாது, இது உங்களது, அடிங்க என்றாள். அடித்தேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

"இத எங்க அத்தைகிட்டப் போய்ப் படிக்கணும். அன்னைக்கு என்னப் போகச் சொன்ன எடத்துல நின்னு படிக்கணும். தெருவுல ஆளு இருக்கணும். நானும் இருப்பேன்."

அம்மா கையில் கொடுக்கக் கூடாது என்று வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடலாமா, வயதான மனுஷி என்று கேட்டேன். அவரு சொன்னதில் எதை விடுவது என்று இன்னமும் நீங்கதான் முடிவு செய்வீங்களா என்று கேட்டாள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகப் போனேன். வாசலில் அவன் அம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள், தறிக்கு வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மருமகள் தெருவில் தள்ளி நின்றாள். அவளைப் பார்த்ததும் கிழவியின் கை நின்றது. என்னய்யா இது, இவள ஏன் கூட்டிட்டு வந்த என்றாள். ஒரு நிமிஷம் கேளுங்கம்மா என்று சொல்லிவிட்டு, முதலில் அவன் கரண்டியால் தட்டி மோதிரம் அடித்ததையும், நான் செய்ததையும் சொன்னேன். பிறகு தாளைப் படித்தேன். என் குரல் வகுப்பில் பாடம் படிப்பதுபோலத்தான் வந்தது. வேறு மாதிரி வரவில்லை. அம்மா கையில மட்டும் குடுக்கக் கூடாது என்ற இடம் வந்தபோது நிறுத்தாமல் படித்தேன்.

தறிக்காரர் ஒருவர், "வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு என்னத்தவே சொல்லிக் குடுக்கீரு?" என்று கேட்டார். அவர் பேரனுக்கு நான்தான் வகுப்பு வாத்தியார்.

கிழவி என்னைப் பார்க்கவில்லை. எங்கன அது என்றாள். மருமகள் படியருகே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தாளில் எதைச் செய்யக் கூடாது என்று இருந்ததோ அதை அவளாகவே செய்தாள். கிழவி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"கரண்டியாலயா அடிச்சான்?"

ஆமாம் என்றேன். அவள் அதை நெடுநேரம் வைத்திருந்தாள். தரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் மகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். பிறகு மருமகளின் கையைப் பிடித்து இழுத்து, விரலில் போட்டாள். மோதிரம் தொளதொளவென்று சுற்றியது.

"மெலிஞ்சு போயிட்டியேட்டி."

ராட்டையிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்து, மோதிரத்தின் அடியில் சுற்ற ஆரம்பித்தாள். மருமகள் கையை நீட்டியபடி படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். நான் தாளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சிவகிரிக்குப் போனேன். அவன் அப்போது பட்டாளத்தை விட்டு வந்து வயல் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, அவங்க அழுதாங்கன்னு நீங்க சொன்னத வச்சுத்தான் அண்ணாச்சி நான் நிம்மதியா இருந்தேன் என்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான், தான் குடிக்கவில்லை. பிறகு ஒருநாள் மனைவியோடு வந்து அவளைப் பார்த்து, மோதிரம் அடித்த கதையை முழுதும் சொல்லிவிட்டுப் போனானாம்.

கோயிலில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் என் முதுகுக்குப் பின்னால் பேச்சு இருந்தது. பிறகு வேறு பேச்சு வந்துவிட்டது. என் மனைவிக்குத் தங்கத்தில் ஒரு மோதிரம் வாங்கினேன். கையில் வாங்கி, இது யாருக்குன்னு வாங்கினது என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். கடை ரசீதைக் கேட்டாள். கொடுத்தேன். இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். போடவில்லை.

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவள் அந்த அறையிலேயே இருந்தாள். வாரத்தில் ஒருநாள் தெருவுக்கு வருவாள். ஒருமணி நேரம் இருந்துவிட்டுப் போவாள். சில நாள் சண்டைச் சத்தமும் கேட்கும். கிழவி கடைசியில் படுத்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். இறந்தபோது செய்ய வேண்டியதை எல்லாம் அவள் முன்னால் நின்று செய்தாள், யாரும் மறிக்கவில்லை. நான் எதிரே பெஞ்சில் உட்காராமல் தெருமுனையில் நின்றுகொண்டேன்.

என் மனைவியின் ரவிக்கைகளை அதற்குப் பிறகும் அவள்தான் தைத்தாள். வாங்க நான் போனால் பொட்டலத்தை எடுத்து நீட்டுவாள். பேச மாட்டாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் அவளைக் கேட்டதில்லை. கேட்டால், அதற்கும் அவள் ஒரு பதிலைத் தேட வேண்டிவரும். என் மனசு ஆறுவதற்காக அவளுக்கு இன்னொரு வேலை வைக்க நான் யார்?